"என் காடு, என் பருத்தி" என்பவரிடம் சட்டம் பேசுமா?

ஆத்தூர் பக்கத்திலிருந்து ஓர் இளம் விவசாயி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எனக்கு மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனக் காடு. ஆவணியில் பருத்தி ஊன்றுகிறேன். மூன்று வருடமாக மார்கழி தாண்டினால் காய்க்குள் எல்லாம் இளஞ்சிவப்புப் புழு. போன வருடம் ஆறு தடவை மருந்தடித்தும் பலனில்லை. பிடி விதைதானே (புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய விதை) போட்டேன், எப்படிப் புழு? நான் மாசியிலேயே மாரை (எடுப்பு முடிந்த பருத்திச் செடியை)ப் பிடுங்கிவிடுகிறேன். பக்கத்துக் காடு எங்கள் பெரியப்பாவுடையது. அவர் அதே செடிக்குச் சொட்டுநீர் விட்டு மறுதாம்பாக ஆடி வரை வைத்திருக்கிறார். பிடுங்குகிற மாரையும் அடுப்பெரிக்க என்று என் வரப்போரம் அடுக்கி வைக்கிறார். கேட்டால் 'என் காடு, என் பருத்தி' என்கிறார். என் அம்மா அவினாசிப் பக்கம். அப்புச்சி சொல்வார், வெள்ளைக்காரன் காலத்தில் ஆடி மாதம் மாரைப் பிடுங்காமல் விட்டால் சர்க்கார் ஆளே வந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, கூலியையும் நம்மிடமே வசூலிப்பான் என்று. அது நிஜமா? அந்தச் சட்டம் இப்போதும் இருக்கிறதா? பெரியப்பா மேல் மனு கொடுக்கலாமா?"

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்புச்சி சொன்னது நிஜம். அதை இவ்வளவு தெளிவாக நினைவு வைத்திருந்து பேரனுக்குச் சொன்ன பெரியவருக்கு என் வணக்கம். வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியாது.

1919ல் சென்னை மாகாணத்தில் வேளாண் பூச்சிகள், நோய்கள் தடுப்புக்கென்று ஒரு சட்டம் வந்தது. மாகாண அளவில் இந்தியாவிலேயே அதுதான் முதல். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1914ல், வெளிநாட்டிலிருந்து வரும் பூச்சிகளைத் துறைமுகத்தில் மறிப்பதற்கு இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது வாசலைக் காக்கிற சட்டம். 1919 சட்டம் வீட்டுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டதைப் பற்றியது.

அந்தச் சமயத்தில் கோவை வட்டாரத்தில் கம்போடியா பருத்தி வேகமாகப் பரவியிருந்தது. நல்ல இழை, நல்ல விலை. ஆனால் நாட்டுப் பருத்தி மாதிரி சீக்கிரம் முடிகிற செடி இல்லை. தண்ணீர் இருந்தால் அடுத்த வருடமும் துளிர்த்துக் காய்க்கும். அப்படியே விட்டார்கள். பழைய செடியிலிருந்து புதுச் செடிக்குத் தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுவும் ஒரு நாள்கூட பட்டினி கிடக்காமல் இடம் மாறின. இன்றைக்கு உங்கள் பெரியப்பா காட்டில் நடப்பது அப்படியே அதுதான். அதனால்தான் அரசு ஒரு தேதி வைத்தது. ஆகஸ்ட் 1க்குள் கம்போடியா பருத்திச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும், புது விதைப்பு வரை காடு பருத்தி இல்லாமல் கிடக்க வேண்டும். ஆகஸ்ட் 1 என்பது ஆடி நடுவில், ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால். அப்புச்சி சொன்ன கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள்.

சர்க்கார் ஆள் வந்து பிடுங்கினான், கூலி வாங்கினான் என்றாரே, அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். எந்தப் பூச்சி, எந்தப் பகுதி, எந்தக் காலம், என்ன செய்ய வேண்டும் என்று அரசு முதலில் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால், நிலத்தை யார் அனுபவிக்கிறாரோ அவர் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். சொந்தக்காரரோ குத்தகைக்காரரோ, காட்டை வைத்திருப்பவர் பொறுப்பு. ஆய்வு அலுவலர் நிலத்துக்குள் வந்து பார்க்கலாம், இத்தனை நாளுக்குள் செய் என்று நோட்டீஸ் கொடுக்கலாம். செய்யாவிட்டால் ஆள் வைத்துச் செய்துவிட்டு, ஆன செலவை நிலவரிப் பாக்கி மாதிரி வசூலிக்கலாம். பருத்திக்கு மட்டும் என்றில்லை. 1923ல் தென்னையில் கருந்தலைப் புழு பெருகியபோது, அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூர்ப் பகுதியில் இதே சட்டத்தை எடுத்து, தாக்கிய ஓலைகளை வெட்டி எரிக்கச் சொன்னார்கள்.

சட்டம் இன்றைக்கும் தமிழ்நாட்டின் பெயரோடு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மேலே முதலில் என்ன சொன்னேன் என்று மறுபடி பாருங்கள். அரசிதழ் அறிவிப்பு. அது உங்கள் பகுதிக்கு, இந்தப் பூச்சிக்கு, இந்தப் பருவத்துக்கு நடப்பில் இல்லை என்றால் எந்த அலுவலரும் உங்கள் பெரியப்பாவுக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாது. ஒரு தனி விவசாயி இன்னொரு தனி விவசாயி மேல் போடுகிற வழக்குக்கான சட்டமும் அது இல்லை. ஆகவே பெரியப்பா பெயரை எழுதி மனு கொடுத்தால், அது மேசையில் கிடக்கும். ஊருக்குள் செய்தி மட்டும் அன்று சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும். அதைச் செய்யாதீர்கள். என்ன மனு கொடுக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் புழுவைப் பற்றிப் பேச வேண்டும். ஏன் இந்தப் புழுவுக்கு மட்டும் சட்டம், தேதி என்று இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். பெரியப்பாவிடம் பேசவும் இது உங்களுக்கு வேண்டும்.

தாய் அந்துப்பூச்சி சப்பை எனும் பருத்திப் பூமொட்டிலும் பிஞ்சுக் காயிலும் முட்டை வைக்கிறது. நான்கைந்து நாளில் பொரிக்கும் குஞ்சுப் புழு, அன்றோ மறுநாளோ காயைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. போன துளை தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஆறு தடவை இல்லை, பதினாறு தடவை அடித்தாலும் மருந்து காயின் தோலில்தான் இருக்கும், புழு உள்ளே விதையைத் தின்றுகொண்டிருக்கும். உங்கள் மருந்துச் செலவு வீணானதற்குக் காரணம் கடைக்காரர் கொடுத்த மருந்து போலியா இல்லையா என்பதில் இல்லை. புழு இருக்கிற இடத்துக்கு மருந்து போகாது, அவ்வளவுதான்.

ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம். ஐப்பசியில் வந்த பத்துப் பூச்சி, தைக்குள் மூன்று தலைமுறை பெருகிவிடும். மார்கழி தாண்டினால் புழு என்று எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வந்து சேர்ந்தது அதற்கு வெகு முன்னால், பூ எடுக்கும்போதே.

பருவம் முடிகிற சமயத்தில் வளரும் புழுக்களில் ஒரு பகுதி கூட்டுப்புழுவாகாமல் உறங்கிவிடும். வெடிக்காத காய்க்குள் இருக்கும். இரண்டு விதையை நூலால் ஒட்டிக்கொண்டு நடுவில் படுத்திருக்கும். பருத்திக் கொட்டையைக் கையில் அள்ளிப் பாருங்கள், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட இரட்டை விதை அகப்பட்டால் பிரித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும். மாதக் கணக்கில் தண்ணீர் இல்லாமல், தீனி இல்லாமல் அப்படியே கிடக்கும். வரப்போரம் அடுக்கிய மார்ப் போர் என்பது விறகு மட்டும் இல்லை தம்பி. வெடிக்காத காயோடு அடுக்கியிருந்தால் அது அடுத்த வருடப் புழுவுக்குக் குதிர்.

இந்தப் புழு உலகம் சுற்றியதும் இதே உறக்கத்தில்தான். குஜராத்தின் பரூச் பக்கத்துப் பருத்தியிலிருந்து எடுத்த பூச்சியை வைத்து 1840களில் இதற்குப் பெயர் வைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து போன பருத்தி விதையோடு எகிப்துக்குப் போனது. 1911ல் எகிப்து விதையோடு மெக்சிகோவுக்கு. 1917ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஆலைக்குப் பக்கத்து வயலில் கண்டுபிடித்தார்கள். எங்கேயும் பறந்து போகவில்லை, விதைக்குள் படுத்துக்கொண்டே கப்பலேறியது.

இவ்வளவு பலமுள்ள புழுவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கண்டதையும் தின்னாது. பருத்திதான் அதன் உயிர். வெண்டை, துத்தி மாதிரி அதே குடும்பத்துச் செடிகள் சிலவற்றில் கொஞ்சம் ஒண்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்துப்பூச்சிக்கு ஆயுள் இரண்டு வாரம் போல. வெளியே வருகிற பூச்சிக்கு அந்த இரண்டு வாரத்தில் சப்பையோ காயோ கிடைக்கவில்லை என்றால் முட்டை வைக்க இடமில்லாமல் செத்துப் போகும். ஒரு ஊரில் இரண்டு மூன்று மாதம் பச்சைப் பருத்தியே இல்லை என்று ஆக்கினால், பூச்சி வந்து வந்து தானாகவே அழியும். மருந்து இல்லை, செலவு இல்லை. 1919ல் தேதி வைத்தவர்களின் கணக்கு இதுதான்.

அந்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு காட்டில் சொட்டுநீர் ஓடினால், செத்துப் போக வேண்டிய பூச்சி அத்தனையும் அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளும். ஆவணியில் ஊன்றிய உங்கள் இளஞ்செடி சப்பை வைக்கும்போது அங்கிருந்து வரப்பைத் தாண்டும். நீங்கள் மாசியில் மாரைப் பிடுங்கியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீங்கள் மட்டும் பிடுங்கியதால் உங்களுக்குக் கிடைத்தது குறைவு, பெரியப்பா பிடுங்காததால் நீங்கள் இழந்தது அதிகம். இந்தக் கணக்கு எந்தத் தனி மனிதருக்கும் நியாயம் செய்யாது. அரசு தலையிட வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். களையெடுப்பதையும் உரம் வைப்பதையும் அரசு சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அதன் லாப நட்டம் அவரவருக்கு. வரப்பைத் தாண்டுகிற பூச்சிக்கு வரப்பைத் தாண்டுகிற விதி வேண்டும்.

எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதற்கெடுத்தாலும் சட்டம் போடு என்பவர்களும் இருக்கிறார்கள். 2018ல் கர்நாடகாவில் முதலில் தென்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் அதன் கொடுமையைப் பார்த்திருப்பீர்கள். அது நூற்றுக்கு மேற்பட்ட செடிகளில் வாழும், இரவோடு இரவாக வெகுதூரம் பறக்கும். அதற்கு ஊர்த் தேதி வைத்து ஆவதில்லை. 2008ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி வேறு மாதிரி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, சாலையோரப் பார்த்தீனியம் என்று எல்லாவற்றிலும் ஏறியது. எதைப் பிடுங்கச் சொல்வது? அதை அடக்கியது 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து முறையான அனுமதியோடு கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. நீலகிரி உருளைக்கிழங்கில் 1961ல் கண்டுபிடித்த முட்டைக்கூட்டு நூற்புழு இன்னொரு விதம். அதன் கூடு மண்ணில் இருபது வருடம்கூடக் கிடக்கும். அங்கே விதைக் கிழங்கு மலையை விட்டு வெளியே போகக் கூடாது என்று தடை போட்டார்கள். நீலகிரிக்காரர்களின் புழு அதனால் ஒழியவில்லை, மற்ற ஊர்க்காரர்கள் நீண்ட காலம் தப்பித்தார்கள். விதைக் கிழங்கு வியாபாரத்தை இழந்த மலை விவசாயிக்கு அந்தத் தடையின் முழுக் கனமும் போய்ச் சேர்ந்தது. சட்டம் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஊரைக் காக்க ஒருவன் நட்டப்பட வேண்டும் என்றால் அந்த நட்டத்தில் ஊருக்கும் பங்கு உண்டு.

பருத்தியிலேயே ஒரு விதி தோற்றுப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். 2002ல் பிடி பருத்திக்கு அனுமதி வந்தபோது அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. பிடி விதைப் பொட்டலம் 450 கிராம், அதோடு சாதாரணப் பருத்தி விதை 120 கிராம் தனிப் பை. அந்தச் சாதாரண விதையைக் காட்டைச் சுற்றி ஓரத்தில் ஊன்ற வேண்டும். பிடி நஞ்சுக்குப் பழகாத பூச்சிகளும் கொஞ்சம் பிழைத்திருந்து, பழகிய பூச்சிகளோடு கலந்து, எதிர்ப்புச் சக்தி பரவாமல் தடுக்கட்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அந்தச் சின்னப் பை எதற்கு என்று விவசாயிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. "இதில் புழு விழுமாம், இதை எதற்கு ஊன்ற?" என்று வரப்பில் வீசிவிட்டுப் போனதை நான் எத்தனையோ காட்டில் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் காலத்தில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. 2010ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பிடி ரகத்தை வென்றுவிட்டது என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில வருடங்களில் இரண்டு மரபணு வைத்த ரகமும் இந்தப் புழுவிடம் விழுந்தது. 2017ல் மகாராஷ்டிரா விவசாயிகள் பட்ட அடி இந்தியா முழுவதும் தெரிந்தது. மற்றக் காய்ப்புழுக்களை பிடி இன்றைக்கும் ஓரளவு தடுக்கிறது. இந்த ஒரு புழுவைத் தடுக்காது. "பிடி விதைதானே போட்டேன், எப்படிப் புழு?" என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே பதில்.

அதற்குப் பிறகு மகாராஷ்டிராவில் எடுத்த ஒரு நடவடிக்கை எனக்குப் பிடித்திருந்தது. விவசாயியை விரட்டவில்லை. ஜூன் 1க்கு முன்னால் பருத்தி விதையை விவசாயிக்கு விற்காதே என்று விதைக் கடைகளுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். முன்கூட்டியே ஊன்றினால்தானே புழுவுக்கு முன்கூட்டியே சப்பை கிடைக்கும்? லட்சக்கணக்கான காட்டுக்கு நோட்டீஸ் ஒட்டுவதைவிட, விதை வெளியே வருகிற வாயில் ஒரு தேதி வைப்பது சுலபம்.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் வடக்கு மெக்சிகோவிலும் இந்தப் புழுவை அடியோடு ஒழித்தே விட்டார்கள். 2018 அக்டோபரில் அமெரிக்க வேளாண் துறை அப்படி அறிவித்தது. பருத்தியை இந்தத் தேதிக்குள் வெட்டி உழுதுவிட வேண்டும் என்ற சட்டக் கெடு அரிசோனாவில் இருந்தது, மண்டலத்துக்கு மண்டலம் தேதி வேறு. அது மட்டும் இருந்தபோது புழு குறைந்ததே தவிர ஒழியவில்லை. பிறகு பிடி பருத்தி, பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை ஏமாற்றும் இனக்கவர்ச்சிப் பொருள், விமானத்திலிருந்து விட்ட மலட்டு அந்துப்பூச்சி எல்லாம் சேர்ந்தன. மலட்டுப் பூச்சி மட்டுமே ஆயிரம் கோடிக்கும் மேல் விட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு விவசாயிகள் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புக்கொண்டு, தங்கள் கையிலிருந்தும் பணம் போட்டார்கள். நம்மால் விமானம் விட முடியாது, விட வேண்டியதும் இல்லை. எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட தேதியை எல்லோரும் மதிக்கிறார்கள் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது உங்கள் காட்டுக்கு வருவோம்.

பெரியப்பா ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டீர்களா? "ஏன் பிடுங்கவில்லை" என்று சண்டைக்குக் கேட்பதைச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் மறுதாம்பு விடுகிறவர்களுக்கு இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, மாரைப் பிடுங்க ஆள் கூலி கட்டாது. இரண்டு, கோடையில் காடு சும்மா கிடப்பதற்குப் பத்துக் கிலோ எடுத்தாலும் லாபம் என்ற எண்ணம். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

அவரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மாசிக்குப் பிறகு எடுத்த பருத்தி எத்தனை கிலோ? அதில் எவ்வளவு கறைப் பருத்தி? ஏலத்தில் அந்த மூட்டை என்ன விலைக்குப் போனது? எடுப்புக் கூலி கிலோவுக்கு எவ்வளவு? சொட்டுநீரில் விட்ட உரம் எவ்வளவு? பெரும்பாலும் மிச்சம் என்று ஒன்றும் நிற்காது. அதே தண்ணீரில், அதே குழாயில் பங்குனியில் உளுந்தோ பச்சைப்பயறோ போட்டால் எழுபது நாளில் கைக்கு வரும், மண்ணுக்கும் நல்லது. எள்ளும் ஆகும். வெண்டை மட்டும் வேண்டாம், காரணம் மேலேயே சொன்னேன். முதல் வருட விதையை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை. மூன்று ஏக்கரில் ஆறு தடவை அடித்த மருந்துச் செலவைவிட ஒரு ஏக்கர் உளுந்து விதை மிகக் குறைவு.

கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டுக் கிடை போடச் சொல்லுங்கள். செடியில் நிற்கும் வெடிக்காத காயையும் பச்சை இலையையும் ஆடு சுத்தமாக மேய்ந்துவிடும், காட்டுக்கு எருவும் ஆச்சு. மருந்து அடித்த காட்டில் உடனே ஆட்டை விடாதீர்கள், அடித்த மருந்தின் காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். பிறகு மார். டிராக்டரில் பூட்டி மாரைப் பொடியாக்கி மண்ணிலேயே போடும் இயந்திரம் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகைக்குக் கிடைக்குமா என்று உங்கள் இரண்டு காட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். விறகு வேண்டும் என்று பெரியம்மா சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். அடுக்குவதற்கு முன் காயை உதறி எரித்துவிட்டு, மாரை வீட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பங்குனிக்குள் எரித்து முடிக்கட்டும். வரப்போரம் கூடாது.

இதற்கெல்லாம் பெரியப்பா இசையவில்லை என்றாலும், மனுவில் அவர் பெயர் வர வேண்டாம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரைச் சேருங்கள். ஜனவரி 26 கிராம சபை உங்களுக்கு நல்ல நேரத்தில் வருகிறது, பருத்தி கடைசி எடுப்பில் இருக்கும். பங்குனி 15க்குள் ஊர் எல்லைக்குள் பச்சைப் பருத்தி இருக்கக் கூடாது, ஆவணிக்கு முன் யாரும் ஊன்றக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கோடைப் பருத்தி போடுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு வைத்துத்தான் தேதி பேச வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடும் தீர்மானம் நிற்காது. கிராம சபைத் தீர்மானத்துக்கு 1919 சட்டத்தின் அதிகாரம் கிடையாது. ஆனால் ஊர் கூடி எழுதிய தேதி என்ற எடை உண்டு.

அந்தத் தீர்மான நகலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநரைப் பாருங்கள். பூச்சி நோய்ச் சட்டத்தின் கீழ் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எங்கள் வட்டாரத்தில் பருத்தியில்லாக் காலம் அறிவிக்கப் பரிந்துரை செய்யுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அதே மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: மாரைப் பொடியாக்கும் செலவிலும் பயறு விதையிலும் சிறு விவசாயிக்கு உதவி வேண்டும் என்று. தேதியை மட்டும் கேட்டு உதவியைக் கேட்காமல் விட்டால், நோட்டீஸ் கடைசியில் ஏழைக் குத்தகைக்காரர் வாசலில்தான் ஒட்டப்படும்.

ஆலைகளையும் மறந்துவிடாதீர்கள். அரவை ஆலை பக்கத்தில் இருந்தால் அங்கே குவியும் கொட்டையிலும் கழிவிலும் உறங்கும் புழு நிறைய. எகிப்தில் அந்தக் காலத்திலேயே ஆலையில் விதையைச் சூடேற்றிப் புழுவைக் கொல்லும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் மனுவில் ஆலை வளாகத்தில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும் கழிவை உடனுக்குடன் அழிக்கவும் சொல்லும்படி கேளுங்கள்.

அறிவிப்பு வருகிறவரை உங்கள் காட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வயது குறைந்த, ஐந்து ஐந்தரை மாதத்தில் முடிகிற ரகமாகப் பாருங்கள். செடிக்கு நாற்பத்தைந்து நாள் ஆனதும் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். தொடர்ந்து மூன்று இரவு, ஒரு பொறிக்கு எட்டு அந்துப்பூச்சி என்ற அளவில் விழுந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும்போது காலையில் வரிசையில் நடந்து பாருங்கள். இதழ் விரியாமல், ரோஜா மொட்டு மாதிரி சுருண்டு நிற்கும் பூவுக்குள் புழு இருக்கும். பறித்து நசுக்கிவிடுங்கள், அந்த ஒரு பூ நாலு மருந்துக்குச் சமம். முட்டை ஒட்டுண்ணி அட்டை (பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகள் வெளிவரும் அட்டை) கிடைத்தால் அந்தச் சமயத்தில் கட்டலாம். பைரித்ராய்டு வகை மருந்தை ஆரம்பத்திலேயே எடுத்து அடித்துவிடாதீர்கள், வெள்ளை ஈ பெருகிப் புதுத் தொல்லை வரும். வாரம் ஒரு தடவை இருபது பச்சைக் காயைப் பறித்து உடைத்துப் பாருங்கள். இரண்டுக்கு மேல் புழு இருந்தால் உதவி வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பொறியில் விழுந்த கணக்கைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு பொறியைப் பெரியப்பா காட்டுப் பக்க வரப்பிலும், ஒன்றை எதிர்ப் பக்க வரப்பிலும் வைத்து, இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆடி மாதம், உங்கள் காடு காலியாக இருக்கும்போதே அந்த வரப்புப் பொறியை வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் காலையில் பெரியப்பாவை அழைத்துப் போய் அந்தப் பொறியைக் கழற்றிக் காட்டுங்கள். செடியே இல்லாத உங்கள் காட்டு ஓரத்தில் அவ்வளவு பூச்சி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவர் ஐம்பது வருடம் பருத்தி விளைத்தவர், அவருக்கே தெரியும்.

குறைதீர் கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மனுவின் வரைவை முன்னாலேயே அனுப்பினால் திருத்திக் கொடுக்கிறேன்.